இடது முன்கால், மூன்றாம் ஆணி

நவம்பர் முடிவதற்குள்
கோடை லாடங்களைக் கழற்றிவிட்டு
பனிக்கட்டியைக் கவ்வும் குமிழ்கள் வைத்த லாடம்
மாட்டியாக வேண்டும், இந்தப் பள்ளத்தாக்கின்
எல்லாக் குதிரைகளுக்கும்.
யெம்ட்லாந்தில் எனக்கு எட்டு வாரம் ஒரு மாதம்.
குளம்பு வளர்கிற கணக்கில்தான்
என் பிறந்தநாளே வந்து போகிறது.

வண்டியின் பின்கதவைத் திறந்தால் உலை சீறும்.
எதிரே பட்டடை.
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு.
முகம் வேகிறது, முதுகு உறைகிறது,
இரண்டுக்கும் நடுவில் எங்கோ நான்.

குளம்பின் அடியில் முக்கோண மெத்தை ஒன்று உண்டு.
இங்கே அதற்குக் கதிர் என்று பெயர்.
சாணியையும் பனியையும் கீறி எடுத்தால்
அப்படித்தான் தெரியும்:
குதியில் கிளம்பி முன்னோக்கிக் கூராகும்
ஓர் இருட்டுக் கதிர்.
அதைச் சுற்றி உள்ளங்கால்.
அப்புறம் மெழுகு நிறத்தில் ஒரு கோடு.
கோட்டுக்கு வெளியே நகம், உள்ளே உயிர்.
வெளிப்புறத்து ஒரு விரல்கடை அகலத்தில்
முப்பது வருடம் பிழைத்துவிட்டேன்.

ஆணியின் ஒரு பக்கம் சரிவாகச் சீவியிருக்கும்.
அந்தப் பக்கம் உள்ளே பார்க்க வேண்டும்,
அப்போதுதான் முனை வெளியே வளையும்.
அடிப்பது கை; கவனிப்பது காது.
நல்ல நகத்தில் ஏறும் ஆணி
அடிக்கு அடி குரல் உயர்த்தும்:
டொக், டக்,
டிக்.

ஹால்வாரின் பெண்குதிரை ஸ்வாலா.
மூன்றாம் ஆணி, இரண்டாம் அடி,
ஈர மணலில் இறங்கியதுபோல் ஊமையானது.
உதைக்கவில்லை அவள்.
தோள் மட்டும் ஒருமுறை சிலிர்த்தது,
ஈயே இல்லாத மாதத்தில்
ஈயை விரட்டுவது போல.

பிடுங்கினேன்.
ஆணியோடு ஒரு சொட்டு வந்து
ஆவி பறக்க என் முழங்காலில் விழுந்தது.

ஹால்வார் வீட்டுக்குள் இருந்தான்.
பார்த்தது நாய் மட்டும்.
துளையில் மருந்தை விட்டு, ஆணியில்லாமல் விட்டு,
கொஞ்சம் அழுக்கைத் தடவினால் தீர்ந்தது.
சனிக்கிழமை ஓஸ்டர்சுந்தில் பந்தயம்.
நொண்டினால் பனியைச் சொல்லலாம்,
ஓட்டியவனைச் சொல்லலாம்.
இதற்கு முன் இரண்டு முறை
பனியைச் சொல்லியிருக்கிறேன்.

இந்த முறை ஏன் உள்ளே போனேன் என்று தெரியாது.
சிலிர்த்த பிறகும் அவள் காலை
என் மடியிலிருந்து எடுத்துக்கொள்ளவில்லை,
அதனால் இருக்கலாம்.
காபி மணத்தது, அதனாலும் இருக்கலாம்.

ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தான்.
சொன்னேன்.
கத்தி நின்றது.
"எந்தக் கால்?"
"இடது முன்கால். வெளிப்பக்கம், மூன்றாவது."
போனை எடுத்து, பந்தயப் பட்டியலிலிருந்து
அவள் பெயரை அடிக்கச் சொன்னான்.
எனக்குக் காபி ஊற்றினான்.
பிறகு மூன்று காலுக்கான கூலியை
மேசையில் எண்ணி வைத்தான்.
சரியான கணக்கு.
நானும் ஒருமுறை எண்ணிவிட்டே வாங்கிக்கொண்டேன்.

கிறிஸ்துமஸ் போனது. அவன் அழைக்கவில்லை.
அந்தப் பக்கம் போகும் சாலையில்
வேறொருவன் வண்டியைப் பார்த்ததாக
பெட்ரோல் பங்க்கில் யாரோ சொன்னார்கள்.
நான் கேட்கவில்லை, அவர்களாகச் சொன்னார்கள்.
ஜனவரியில் ஒரு விடிகாலை போன்:
"ரக்ன்வி, நேரமாச்சு."
அவ்வளவுதான்.

துளை பாதி ஆழமாகியிருந்தது.
தப்பை நாம் தள்ள வேண்டியதில்லை;
நகமே மயிரிழை மயிரிழையாய்
தரைக்கு இறக்கிக் கொண்டுவருகிறது.
அவசரப்படுத்த ஆகாது.
ஸ்வாலா மற்ற மூன்று கால்களைக் கேட்டதும் தந்தாள்.
இடது முன்காலுக்கு
அவள் விலாவில் தலைசாய்த்துக் கொஞ்ச நேரம்
நின்றுகொண்டிருக்க வேண்டியிருந்தது.

மார்ச் கடைசியில், கூரைப்பனி சொட்டும்போது,
கடைசிக் கருப்புப் புள்ளியும்
கிடுக்கியின் வாயில் வந்தது.
பிறைபோல் ஒரு துண்டு நகம், ஓரத்தில் அந்தக் கறை.
கையிலெடுத்து வெளிச்சத்தில் பார்க்க நினைத்தேன்.
அதற்குள் நாய் கவ்விக்கொண்டு
சறுக்குவண்டிக்கு அடியில் போய்
கண்மூடிக் கடிக்க ஆரம்பித்துவிட்டது.

இந்த முறை ஹால்வார்
நான்கு காலுக்கு எண்ணினான்.